கால் வைக்கிற இடத்தில் வெளிச்சம்

டக்கென்று சத்தம் வரும், பயப்படாமல் இழுங்கள் என்று செல்போன் வீடியோவில் அந்த ஆள் சொல்கிறான், இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு கறை இல்லாமல் காரைப் பிரிக்கிறான், இவன் எந்த ஊர்க்காரனோ, பயமாவது எனக்காவது, மாட்டுச் சந்தையில் கொம்பைப் பிடித்துப் பழகின கை இது, ஒரு பிளாஸ்டிக் பட்டைக்கா பயப்படும் என்று நினைத்துக்கொண்டே ஸ்குரூ டிரைவர் நுனியில் துணியைச் சுற்றி, கார்க் கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறுகிற விளிம்பு இருக்கிறதே, அதை மூடியிருக்கும் கறுப்புப் பட்டைக்கு அடியில் விட்டு நெம்பினேன், டக், சத்தம் வந்தது, கூடவே என் நெஞ்சிலும் ஒன்று டக்கென்றது, அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஒரு கிளிப் உடைந்துவிட்டது. வெள்ளையாக, விழுந்த பல் மாதிரி உருண்டுபோய் ரோஜாத் தொட்டிக்குக் கீழே நின்றது. போகட்டும், இன்னும் ஐந்து கிளிப் இருக்கிறது. மணி மூன்றரை. ஆறே முக்காலுக்கு ரயில். மகள் கௌசி வருகிறாள், பூனாவிலிருந்து, பேத்தியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றரை வருடம் கழித்து. ஐந்தே முக்காலுக்கு ஜமாலை ஆட்டோ கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் என் பெண்டாட்டி வசந்தாமணி. வண்டி வாங்கி விற்கிற தரகன் வீட்டு வாசலுக்கு ஆட்டோ. நான் காரில் போக வேண்டுமாம், அவள் பின்னாலேயே ஆட்டோவில் வருவாளாம். காலையில் தோசைக் கல்லைப் பார்த்தபடியே சொன்னாள், நீங்க உங்க வண்டீல போங், நான் ஜமாலு வண்டீல வந்துக்கறனுங்க. கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்தால் தேவலை, கோபத்தை எனக்குத் தெரியும், கோபத்தோடு பேரம் பேசலாம், கத்தினால் கத்தலாம், மேலே ஏறினால் கீழே இறக்கலாம். நான்கு மாதமாக அவள் கத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, தங்கச்சி வீட்டுக்கு ஆட்டோ, கோயிலுக்கு ஆட்டோ. இன்றைக்கு ஈரோடு ஜங்ஷனில் கௌசி இறங்கி நின்று, ஏம்ப்பா, ரெண்டு பேரும் ரெண்டு வண்டீல வந்திருக்கீங்க என்று கேட்டால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது. அதற்குத்தான் இது. இந்த டப்பா. ஐந்தே முக்காலுக்குள் மாட்டி முடித்தாக வேண்டும், அவள் கால் வைக்கிற இடத்தில் வெளிச்சம் வந்தாக வேண்டும்.

டப்பா வாங்கின கதையே தனி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார் அலங்காரச் சாமான் விற்கிற கடை, பெரோஸ் என்று ஒருவன், நல்லவன்தான், ஆனால் விலை சொல்லும்போது எதிரில் இருப்பவன் சட்டையைப் பார்த்துச் சொல்கிறவன். கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும், கறுப்புக் கண்ணாடிப் பட்டை, உள்ளே லைட்டு, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு செட்டு என்றான். நான் பாதி விலையில் ஆரம்பித்தேன். அண்ணா, நீங்க கேக்கற வெலைக்கு டப்பாவோட அட்டை வருமுங்க, உள்ள இருக்கறது வராதுங்க என்றான். நான் எழுந்தேன். படி இறங்கிச் செருப்பை மாட்டுகிற வரைக்கும் எந்த வியாபாரமும் முடிவதில்லை, இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு செருப்பு மாட்டினேன், இரண்டாவதில் கட்டைவிரல் நுழைகிற நேரம் கூப்பிட்டான். வெலையில கை வெக்காதீங்கண்ணா, வேணும்னா பேரு வெட்டித் தர்றேன், அதுக்குக் காசு வேண்டாம், லைட்டு எழுத்து வழியா வரும், பாக்க ஜோரா இருக்கும் என்றான். இலவசம் என்று ஒன்று வந்தால் அதை மேசை மேல் விட்டுவிட்டு வந்ததாக என் சரித்திரத்திலேயே கிடையாது. வெட்டு என்றேன். என்ன பேருங்க என்றான், செல்போன் அடித்தது, ஒரு டிராக்டர் விஷயம், ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் டப்பாவைக் கட்டி வைத்துக்கொண்டு, மாட்டறதுக்குத் தனிங்கண்ணா என்கிறான். எனக்கு வந்தது பார். என்னய்யா தனி, சோத்தப் போட்டுட்டு எலைக்குத் தனியா, நானே மாட்டிக்கறேன் போய்யா. கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரித்தான். அண்ணா, ஒயரிங்கு இருக்குதுங்க, கோவத்துல மாட்ட முடியாதுங்க. கோபத்தில் மாட்ட முடியாது என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, ஈ மாதிரி, தட்டிவிட்டால் போய்விட்டு மறுபடி வந்து உட்காருகிறது.

வயர் இரண்டு. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சிவப்பு டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற ஃபியூஸ் பெட்டிக்குப் போக வேண்டும், கறுப்பு கதவுத் தூணில் இருக்கிற சுவிட்சுக்கு, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காருக்குச் சொல்கிறதே, அந்தச் சுவிட்சு. ஃபியூஸ் பெட்டி டிரைவர் பக்கம், அவள் உட்காருவது இடது பக்கம், நடுவில் தரை விரிப்பு. விரிப்பைத் தூக்கி அடியில் கையை விட்டேன். உள்ளே ஒன்றும் தெரியாது, கைதான் பார்க்க வேண்டும். மண், காய்ந்த பூக்காம்பு, ஒரு ஹேர்பின், அவளுடையது, நாலு மாதத்துக்கு முந்தினது. கையை இப்படி இருட்டில் விட்டுத் தடவிக்கொண்டு போகும்போது எனக்குச் சந்தை ஞாபகம் வருகிறது, துண்டைப் போர்த்தி அதற்குள் கைக்குக் கை பிடித்து விரலை அமுக்கி விலை சொல்வோம், மேலே வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும், மழை வருமாங்க, சோளம் எப்படிங்க, கீழே விரல் பேசிக்கொண்டிருக்கும், யார் விரல் நடுங்குகிறதோ அவனுக்கு மாடு அவசரமாகத் தேவை என்று அர்த்தம். என் விரல் நடுங்கியதே இல்லை. அந்த விரலால்தான் மேலே வந்தேன். மாட்டிலிருந்து டிராக்டருக்கு, டிராக்டரிலிருந்து காருக்கு, இந்த வீட்டுக்கு. ஆனால் வாய் இருக்கிறதே. விரல் சம்பாதித்ததையெல்லாம் வாய் தொலைத்தது. கல்யாண மண்டபத்து வாசலில் தொலைத்தது. ஆவணி முகூர்த்தம், மாலை வரவேற்பு, வெளிச்சம் போயும் போகாமலும் இருக்கிற நேரம், சீரியல் பல்பு இன்னும் போடவில்லை, பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன, இறங்கு இறங்கு என்று நான் அவசரப்படுத்துகிறேன், அவள் இறங்குகிறாள், கால் இந்த விளிம்பில், இதே விளிம்பில், இப்போது நான் கை வைத்திருக்கிற இதே இடத்தில் தட்டி, பட்டுச் சேலையோடு இரண்டு கையும் ஊன்றி விழுந்தாள். கையிலிருந்த மொய்க் கவர் தள்ளிப்போய் விழுந்தது. பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் பார்த்தார்கள். என் சம்பந்தி பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும். குனிந்து தூக்கியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கத்தினேன், கண்ணு பொட்டையா உனக்கு. மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். அவள் தானாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பரவால்லீங்க என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வயர் எங்கேயோ மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. இதைத்தான் சொன்னான் பெரோஸ். விட்டு, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி இழுத்தால் வருகிறது. அது வருகிறது, இது வருவதில்லை, அந்த வார்த்தையைப் பின்னால் தள்ள முடிவதில்லை. பதினைந்து நாள் கழித்து அவளாகவே ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், அப்போதுதான் எனக்கே தெரியும். அன்றைக்கும் அவள் ஆட்டோ, நான் பின்னால் கார். அந்த டாக்டரம்மா கௌசி வயதுதான் இருக்கும், படம் போட்டுக் காட்டினாள். கண்ணுக்குப் பின்பக்கம் நரம்புப் படலம் கொஞ்சங்கொஞ்சமாக வலுக் குறைகிறது, பகலில் நன்றாகத் தெரியும், மங்கல் வெளிச்சத்தில் விளிம்பு தெரியாது, படி தெரியாது, ரெண்டு வருஷமாவே இருந்திருக்கும், சொல்லலையா உங்ககிட்ட என்றாள். ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமாக என் வீட்டில் ஒருத்தி சாயங்காலமானால் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்திருக்கிறாள், நான் ஹாலில் உட்கார்ந்து வண்டி விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கால் நொண்டும் என்று சொல்கிறவன் நான். வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் சொல்லலை. சொன்னாத் திட்டுவீங்கன்னுதானுங்க என்றாள், சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. எனக்குள் ஒரு பயம் அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. நான் சொன்னதால்தான் ஆயிற்றோ. சொல்லுக்கு அப்படி ஒரு விஷம் உண்டோ. இல்லை, ரெண்டு வருஷம் முன்னாலேயே ஆரம்பித்தது என்று டாக்டரம்மா சொன்னாளே, நான் சொன்னது நாலு மாதம் முன்னால்தானே, கணக்கு இடிக்கிறதே என்று ராத்திரி ராத்திரி என்னை நானே விடுவித்துக்கொள்கிறேன், காலையில் மறுபடி பிடித்துக்கொள்கிறேன், அதற்கு முன்னால் நீ அவளை எத்தனை தடவை கண்ணு தெரியலையா என்று கேட்டிருப்பாய் என்று. கேட்டிருக்கிறேன். ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாள், வேகமாகப் போகாது, பல வருஷம் இப்படியே இருக்கலாம், படி விளிம்புல பளிச்சுனு ஏதாவது ஒட்டுங்க, கால் வைக்கிற இடத்துல வெளிச்சம் இருந்தா அவங்க உங்களை விட வேகமா நடப்பாங்க. அன்றைக்கே மஞ்சள் டேப் வாங்கி வாசல் படி மூன்றிலும் ஒட்டினேன். கோணலாக ஒட்டினேன்.  மறுநாள் அவள் அந்தக் கோணலைச் சுற்றியே கோலம் போட்டிருந்தாள்.

சிவப்பு ஃபியூஸில் ஏறிவிட்டது. கறுப்பு சுவிட்சில். லைட்டுப் பட்டையை இன்னும் ஒட்டவில்லை, கையில் பிடித்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். எரியவில்லை. மறுபடி. எரியவில்லை. மணி நாலே முக்கால். ஏமாற்றிவிட்டான். செத்த மாட்டை உட்கார வைத்து விற்கிற மாதிரி விற்றுவிட்டான். டப்பாவைத் தூக்கி கேட்டுக்கு வெளியே எறியக் கை ஓங்கியாயிற்று, அப்போது உள்ளேயிருந்து, ஏனுங், காப்பி கொண்டாரட்டுங்களா என்று குரல். அப்புறமேட்டுக்கு, என்று கத்தினேன், பிறகு ஏன் கத்தினேன் என்று தோன்றி, கொண்டா என்றேன், மெதுவாக. அவள் வருவது கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டு படி இறங்குகிறாள், டேப் ஒட்டியும் எண்ணுகிறாள், பழக்கமாகிவிட்டது. நான் பட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என்னங்க பண்றீங்க மத்தியானத்துலருந்து. ஏசி பாக்கறேன். ஏசி கீழயா இருக்குது. இந்தக் காருக்குக் கீழதான். அவள் சிரித்த மாதிரி இருந்தது, டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது, நாலு மாதத்தில் இவ்வளவுதான் எங்கள் பேச்சு, டம்ளர் அளவு. அவள் உள்ளே போனாள். ஒரு வாய் குடித்தேன். சூடு இறங்கினபோது மூளையும் இறங்கியது. சுவிட்சுத் தூணில் இரண்டு வயர் வருகிறதல்லவா, நான் பக்கத்து வயரில் அல்லவா கட்டியிருக்கிறேன். அவன் விற்றது சரி. நான் கட்டினது தப்பு. கோபத்தில் மாட்ட முடியாது. சரிடா பெரோஸ், ஒத்துக்கொள்கிறேன். பிரித்து மாற்றி முறுக்கி, டேப் சுற்றினேன். கழற்றின பிளாஸ்டிக் பட்டையைத் திரும்ப மாட்டி, விளிம்பைத் துணியால் துடைத்தேன், பின்பக்கத் தாளை உரித்தேன், ஒரு தடவை ஒட்டினால் ஒட்டினதுதான் என்று டப்பாவில் படம் போட்டிருக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினேன். இந்தத் தடவை கோணல் இல்லை. அப்படியே நூறு எண்ணுகிற வரைக்கும் அமுக்கிக்கொண்டு முட்டி போட்டிருந்தேன். யாராவது ரோட்டில் போகிறவன் பார்த்தால் நான் காரின் காலில் விழுந்து கிடப்பதாக நினைப்பான். நினைக்கட்டும்.

கதவைத் திறந்து வைத்தேன். எரிகிற மாதிரியும் இருக்கிறது, எரியாத மாதிரியும் இருக்கிறது. மேகம் போட்டிருந்தாலும் போர்டிகோவில் இன்னும் பகல் மிச்சம் இருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பட்டை மேல் போர்த்தி, தலையையும் அதற்குள் விட்டேன். இருட்டு. அதற்குள் வெள்ளையாக, குளிர்ச்சியாக, பால் ஊற்றினாற்போல் வெளிச்சம். எரிகிறது, எரிகிறது, நான் மாட்டினது எரிகிறது, ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தன் துண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரிக்கிறேன். அப்புறம்தான் படித்தேன். சென்னியப்பன். என் பேர். அணைந்திருக்கும்போது வெறும் கறுப்புக் கண்ணாடியாக இருந்தது, எரிந்தால்தான் எழுத்து தெரிகிறது. கடையில் செல்போன் காதில் இருக்கும்போது நான் சொன்ன பேர், யார் கேட்டாலும் வாய் தானாகச் சொல்கிற பேர், பில்லுக்கு, ஆர்.சி. புத்தகத்துக்கு, கல்யாணப் பத்திரிகைக்குச் சொல்கிற பேர். அதை அவள் மிதித்து ஏற வேண்டும். துண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் அவள் என் பேரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கணவர் பேர் என்ன என்று கேட்டபோது, நம்ம சென்னிமல முருகனைக் கும்பிடற ஊட்ல எல்லாம் வெப்பாங்களேம்மா, அதானுங்க என்றாள், அந்தப் பெண் முழித்தது, பின்னால் நின்ற நான்தான் சொன்னேன். தரையில் கிடக்கிற பேப்பரில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். காலண்டர் தாளைக் கிழித்தால் பூரானை அடிக்கக்கூட அதை மடிக்க மாட்டாள், சாமி படம் இருக்கிறது என்பாள். அவள் இதில் கால் வைப்பாளா. ஓர் இலவசத்துக்கு ஆசைப்பட்டு, அவள் ஏறுவதற்கென்று வாங்கின படியையே ஏற முடியாத படியாக்கி வைத்திருக்கிறேன். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். அசையவில்லை. நூறு எண்ணி அமுக்கினவன் நான்தானே. நெம்பினால் கண்ணாடி உடையும். கறுப்பு டேப் ஒட்டி எழுத்தை மறைக்கலாம், மறைத்தால் வெளிச்சம் எங்கே வரும், வெளிச்சமே எழுத்து வழியாகத்தான். என் பேர் தெரிந்தால்தான் அவளுக்கு வழி தெரியும், என் பேரை மறைத்தால் மறுபடி அந்த மண்டபத்து வாசல்தான். என்னடா வியாபாரம் இது. எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம். பேசாமல் விட்டுவிடலாமா. அவளுக்கு எழுத்து தெரியப்போவதில்லை. மங்கினால் எழுத்துக் கூட்ட முடியாது, டாக்டரம்மா விளக்கைக் குறைத்து அட்டையைக் காட்டினபோது முதல் வரிக்குக் கீழே போகவில்லை. வெளிச்சமாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். நல்ல தரகன் குறையைச் சொல்ல மாட்டான். பல்லைப் பிடித்துக் காட்டுவோம், குளம்பைக் காட்ட மாட்டோம், கேட்டால் சொல்வோம், கேட்கத் தெரியாதவன் வாங்கிக்கொண்டு போவான். அவள் கேட்க மாட்டாள். ஏறிவிடுவாள். அது போதும்தானே. போதுமா.

கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து உறுமி நின்றது. ஐந்தே முக்கால். துண்டிலிருந்து தலையை எடுத்தால், அட, பகல் போயிருந்தது. போர்டிகோ முழுக்க சாம்பல் நிறம், அதில் காரின் திறந்த கதவுக்குக் கீழே மட்டும் ஒரு முழ நீளத்துக்கு வெளிச்சம். ஜமால் கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். என்னண்ணா, கார்த்திகைக்கு இன்னும் நாலு நாள் இருக்குது, இப்பவே வெளக்கு வெச்சுட்டீங்க. வாய மூடுடா என்றேன், சரிங்கண்ணா என்று மூடிக்கொண்டான், சிரிப்பை மூடவில்லை. வாசலில் அவள். மஞ்சள் புடவை, கையில் பேத்திக்குப் பிசைந்து எடுத்த பருப்புச் சோற்று டப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். அதென்னங்க அது, தரையில வெளிச்சம்.   நீ கால் வெக்கற எடம் என்றேன். முப்பது வருடம் வாயால் பிழைத்தவனுக்கு அவ்வளவுதான் வந்தது. அவள் ஆட்டோவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். பிறகு, சுவரைத் தொடாமல், எண்ணாமல், நேராக அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள். ஏழெட்டு அடி. அவள் எண்ணாததை நான் எண்ணினேன். கதவைப் பிடித்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், எதற்குக் கழற்றினாளோ, விளக்கு என்பதாலா. வலது காலைத் தூக்கினாள். சொல்லாதே, சொல்லாதே, வியாபாரம் முடிகிற நேரம், விரல் மட்டும் நடுங்காமல் இருந்தால் போதும். நடுங்கியது. இரு என்றேன். கால் அப்படியே நின்றது. அதுல எழுதியிருக்குது என்றேன். என்ற பேரு. பேரு வேண்டாம்னு சொல்லத் தோணாம வாங்கிட்டு வந்துட்டேன். உனக்குத் தெரியாதுன்னு சொல்லாம விட்ரலாம்னு பாத்தேன். அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

 ஜமால் ஆட்டோ எஞ்சினை அணைத்தான். முழுப் பேருங்களா என்றாள். முழுப் பேரும்தான். எப்படீங்க மிதிக்கறது. மிதி என்றேன், அது கத்தலாக வந்தது, என் குரலே அப்படித்தான், விழுங்கிவிட்டு மறுபடி சொன்னேன், மிதிச்சுட்டு ஏறு புள்ள. அன்னைக்கு நான் கீழ எறங்கி உன்னயத் தூக்கியிருக்கோணும். வண்டிக்குள்ளயே உக்காந்துட்டுக் கத்துனேன். அந்த வாயோட பேருதான் இதுல எரியுது, மிதி. அவள் என்னைப் பார்த்தாளா, என் முகம் இருக்கிற திசையைப் பார்த்தாளா தெரியவில்லை.  பிறகு கையை நீட்டினாள், என் தோளில் வைத்தாள், வெறும் பாதத்தை எடுத்து நடு எழுத்தில் வைத்தாள், வைத்ததோடு விடவில்லை, முழுப் பாரத்தையும் அதில் இறக்கி ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். கார் அவள் பக்கம் சாய்ந்தது. வெளிச்சம் விரல் இடுக்குகள் வழியாக வந்தது. கொஞ்சம் அழுத்தி மிதிச்சுட்டனுங்களா என்றாள். பரவால்ல என்றேன். அவள் உட்கார்ந்து சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். நான் செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டேன். டிரைவர் பக்கத்துப் பட்டை இன்னும் மாட்டலீங்களா. இல்ல, டப்பாவுலயே கெடக்குது, அதுவும் இதே பேருதான். அதக் கடையில குடுத்து மாத்திட்டு என்ற பேருல வாங்கிட்டு வந்துருங்க, நீங்களும் ஏறோணுமல்ல. உன்ற பேர நான் மிதிக்கறதா, என்ன பேச்சுப் பேசற. ஏன், இதுக்கு முன்னால மிதிச்சதில்லீங்களா என்றாள். அதே உப்புத் தீர்ந்த குரல்தான், ஆனால் உதட்டில் ஓரமாக ஒரு சிரிப்பு இருந்தது. ஜமால் கேட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன பொழப்பு போச்சாண்ணா எனக்கு என்றான். பொட்டி படுக்கையெல்லாம் இருக்கும், பின்னாலயே வா, நீ கேக்கறதக் குடுக்கறேன் என்றேன். கேக்கறதையா, நீங்களா பேசறீங்க, ஒடம்பு நல்லாத்தான இருக்குது என்றான். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் பேரத்தில் தோற்ற மாதிரி இருந்தது, தோற்றதில் இவ்வளவு லேசாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்னாலேயே தோற்றிருப்பேன். அவள் பக்கத்துக் கதவை மூடினேன், வெளிச்சம் அணைந்தது, கண்ணாடி வழியாக அவள் முகம் சட்டென்று இருட்டானது. சுற்றிக்கொண்டு ஓடிவந்து என் பக்கம் ஏறினேன், வெறும் விளிம்பை மிதித்து. சாவியைத் திருப்பினேன். அவள் முன்னால் பார்த்தபடி, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டாள், எறங்கறப்பவும் எரியுமுங்களா. எரியும் என்றேன். கதவத் தொறந்தா எரியும்.